திறக்காத இன்ஜின்

எங்கள் பைக்கில் இன்ஜினைத் தவிர எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. முன் ஃபோர்க், பின் ஷாக், சக்கரங்களின் பேரிங், தண்ணீர் பம்ப், ரேடியேட்டர், கிளட்ச், பின் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட், நான் உட்காரும் சீட். ஹாரன்கூட இரண்டு தடவை மாற்றியதுதான். வாங்கிய விலையைப் போல் இரண்டு பங்கை ரிப்பேருக்கே அழுதிருக்கிறோம். இன்றைக்கு விற்கப் போனால் போன வருடம் செய்த செலவில் பாதிகூடத் தேறாது. அந்தக் காசுக்குப் புது வண்டியே வாங்கியிருக்கலாமே என்று கேட்காத ஆள் கிடையாது. அப்படிக் கேட்பவர்களை என் கணவர் ஏதோ விவரம் தெரியாத குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துச் சிரிப்பார்.

ஆனால் இன்ஜினை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஆகும்வரை கூடாது என்றார். அதுவரை நாங்கள் இருப்போமா என்பதுதான் என் கவலையாக இருந்தது.

அவரும் அவரைப் போன்ற முப்பது பேரும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். எல்லோரும் நெடுந்தூரம் போகிறவர்கள், எல்லோரிடமும் அரதப் பழசான பெரிய டூரிங் வண்டிகள். மற்ற குழுக்களில் யார் எவ்வளவு தூரம் போனார் என்று பார்ப்பார்கள். இவர்களுக்கு அது போதாது. இன்ஜினைத் திறக்காமல் எவ்வளவு தூரம் போனார் என்பதுதான் கணக்கு. ஆயில் மாற்றலாம், ஃபில்டர் மாற்றலாம், வெளியே தொங்குகிற எதை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். இன்ஜின் மூடியின் போல்ட்டில் ஸ்பேனர் பட்டால் ஆட்டம் முடிந்தது. எங்கள் வண்டியின் வால்வுகள் தாமே சரிசெய்துகொள்கிற வகை, அதனால் மூடியைத் திறக்க வேண்டிய அவசியமே வராது என்று அவருக்குத் தனிப் பெருமை.

இதைக் கண்காணிக்க ஒருவர் இருந்தார். நிலம் அளக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை 'முத்திரை' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக ஒருவர் சேர்ந்தால் முத்திரை சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுப்பார். இன்ஜின் மூடியின் ஒவ்வொரு போல்ட்டிலும், பாதி போல்ட்டின் மேல் பாதி மூடியின் மேல் படும்படி, மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பார். போல்ட்டைத் துளி திருப்பினாலும் பொட்டு பிளந்துவிடும். வருடம் ஒருமுறை பூதக்கண்ணாடியோடு வந்து பார்ப்பார். பொட்டுக் கலையாமல் மூன்று லட்சத்தைத் தொட்டவருக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு. பேர் வெட்டுகிற எந்தக் கடையிலும் மத்தியானத்துக்குள் நாலு தகடு செய்து வாங்கிவிடலாம். இதை நான் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன், இரண்டு நாள் என் கணவர் என்னோடு பேசவில்லை.

அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. பார்சல் கிடங்கில் மேற்பார்வை வேலை, மாதம் முழுக்க அட்டைப்பெட்டிகளோடு மல்லுக்கட்டு. அங்கே அவரை ஒருவரும் ஆள் என்று மதிப்பதில்லை. குழுவில் அவருக்குப் பெயர் 'மீட்டர்'. அவர் வண்டியை நிறுத்தினால் எத்தனை ஆனது என்று எட்டிப் பார்க்க நாலு பேர் ஓடி வருவார்கள். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அந்த வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. அதற்காகவே நான் பல வருடம் எதுவும் சொல்லாமல் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

பேக்கரிக்காரர் செத்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அவரும் அவர் மனைவியும் எங்கள் குழுதான். ஒரு பாலத்தின் இறக்கத்தில் அவர்கள் வண்டியின் இன்ஜின் பூட்டிக்கொண்டது. பின் சக்கரம் நின்றுபோனது, பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. பின் சீட்டில் கால் மரத்துப்போகாமல் எப்படி உட்காருவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அந்த அம்மாதான். நிறுத்துகிற இடத்திலெல்லாம் எனக்கும் சேர்த்துத் தண்ணீர் வாங்கி வருவாள். இருவரின் அடக்கமும் முடிந்த மறுநாள், காவல் நிலையத்துக்குப் பின்னால் கிடந்த நொறுங்கிய வண்டியை முத்திரை போய்ப் பார்த்தார். பொட்டு ஒன்றுகூடக் கலையவில்லையாம். மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி என்பதால் குழு கூடிப் பேசி, தகட்டை அவர்கள் மகனிடம் கொடுத்தார்கள். அவன் அதை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். எல்லோரும் கை தட்டினார்கள். என் கணவரும் தட்டினார்.

எங்கள் வண்டியில் சத்தம் ஆரம்பித்தது அதற்குச் சில மாதம் கழித்து. காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போலக் கடகடவென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் ஆயில் மேலே ஏறியதும் அடங்கிவிடும். முதலில் எண்ணி மூன்று விடுவதற்குள் நின்றது. போகப் போக, நான் ஹெல்மெட் மாட்டிக் கையுறை போட்டு ஏறி உட்காரும்வரை நீடித்தது.

என் தம்பி மெக்கானிக். பெரிய வண்டிகள் மட்டும் பார்க்கிற பட்டறை அவனுடையது. அவன் வீட்டுக்கு வந்த ஒரு காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டான். கையில் இருந்த டம்ளரை அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

"மாமா, ஆஃப் பண்ணுங்க. இது எத்தனை நாளா இருக்கு?"

"எது?"

"இந்தச் சத்தம்."

"என்ன சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

தம்பி என்னைப் பார்த்தான். நான் காதைத் தொட்டுக் காட்டினேன். இருபது வருடம் ஹெல்மெட்டுக்குள் காற்று இரைந்துகொண்டே இருந்தால் எந்தக் காதுதான் தாங்கும்? தெருவுக்கே கேட்கும்படி டிவி வைப்பார். அடுப்படியிலிருந்து நான் தொண்டை கிழியக் கூப்பிட வேண்டும். "மாமா காது நல்லாத்தான் இருக்கு, நீ கூப்பிட்டா மட்டும்தான் கேக்காது" என்று தம்பி முன்பெல்லாம் கேலி செய்வான். அன்றைக்குக் கேலி செய்யவில்லை.

"அக்கா, உள்ள ஒரு செயின் ஓடுது, வால்வைத் திறந்து மூடறதுக்கு. அது தொளதொளன்னு ஆகாம ஒரு பிளாஸ்டிக் பட்டை அணைச்சுப் பிடிச்சிருக்கும். அந்தப் பட்டை போயிடுச்சு. செயின் சுவத்துல அடிக்குது, அந்தச் சத்தம்தான் இது. பட்டை ஒடைஞ்சு துண்டு செயின்ல சிக்குனா இன்ஜின் அங்கேயே பூட்டிக்கும்."

"எப்போ ஒடையும்?"

"நாளைக்கே ஒடையலாம். ரெண்டு வருஷம் இழுத்துக்கிட்டும் கிடக்கலாம். திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

"திறக்கிற பேச்சே கிடையாது" என்றார் என் கணவர். அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது.

தம்பி விடவில்லை. அந்தப் பட்டையை இப்போது கம்பெனியில் செய்வதில்லை, பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில் தேடித்தான் எடுக்க வேண்டும், கூலியோடு பார்த்தால் வண்டியின் விலையைத் தாண்டும், ஆனால் தான் கூலி வாங்கப்போவதில்லை என்று எல்லாவற்றையும் சொன்னான். என் கணவர் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்.

"மச்சான், நீ சின்னப் பையனா இருந்தப்போலேர்ந்து நான் இந்த வண்டியை ஓட்டறேன். இதுக்கு என்ன ஆகும், என்ன ஆகாதுன்னு எனக்குத் தெரியும்."

அன்று முதல் இரண்டு வருடம் எங்கள் வீட்டில் இதே சண்டைதான். காது டாக்டரிடம் போகலாம் என்றேன், காதில் ஒன்றுமில்லை என்றார். வண்டியைத் திறக்கலாம் என்றேன், வண்டியில் ஒன்றுமில்லை என்றார். பேக்கரிக்காரரைச் சொன்னேன். "அவர் ஆயிலைச் சரியா மாத்த மாட்டார்" என்று ஒரே வரியில் அந்த இரண்டு உயிரையும் கணக்குத் தீர்த்தார். ஒருநாள் பொறுமை போய், "நானே ஒரு தகடு செஞ்சு தரேன், டேங்குல ஒட்டிக்கோங்க" என்று கத்தினேன்.

"ஏமாத்தி வாங்கினா அது தகடு இல்லை, தகரம்" என்றார். உண்மையிலேயே மனம் நொந்துதான் சொன்னார். பொட்டு விஷயத்தில் அவர் அப்படி. குழுவில் ஒருவர் போல்ட்டைத் திருகிவிட்டு மறைத்தார் என்று தெரிந்தபோது, அவர் வீட்டு விசேஷத்துக்குக்கூட இவர் போகவில்லை.

இவ்வளவு தெரிந்தும் நீ ஏன் ஏறினாய் என்று கேட்கலாம். என் தம்பியும் கேட்டான். நான் பின்னால் இருந்தால் இவர் வேகம் பிடிக்க மாட்டார். வளைவில் நிதானிப்பார், லாரிக்கு வழி விடுவார். தனியாக விட்டால் அந்த நிதானம் இருக்காது. பாவம், காது கேட்காத மனிதர், அந்தச் சத்தத்தை அவருக்குப் பதிலாக யாராவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டாமா என்றும் தோன்றும். அதனால் ஏறினேன். முழங்காலை வண்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இன்ஜினின் ஒவ்வொரு அதிர்வையும் எண்ணிக்கொண்டே போவேன். மலை ஏறும்போது சத்தம் மாறினால் அவருடைய தோளை இறுக்கிப் பிடிப்பேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பார், நான் ஆசையாகப் பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

அந்தப் பாலத்தின் மேலும் போயிருக்கிறோம். அங்கே ஹாரனை ஒருமுறை அழுத்துவது குழுவின் மரியாதை. அவர் அழுத்தினார். எனக்கு அந்த அம்மாவின் தண்ணீர் பாட்டில் ஞாபகம் வந்து, ஹெல்மெட் கண்ணாடிக்குள்ளேயே அழுதுகொண்டு இறங்கினேன்.

மூன்று லட்சத்துக்கு இன்னும் இரண்டாயிரம்தான் பாக்கி என்கிற நேரத்தில் அவருக்குக் குடலிறக்கம் வந்தது. பெட்ரோல் பங்க்கில் சாய்ந்து விழுந்த வண்டியை, யாராவது வந்து கை கொடுக்கட்டும் என்று பொறுக்காமல், தனியாகத் தூக்கி நிறுத்தியதில் வந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கப்புறம் டாக்டர் சொல்லும்வரை வண்டியில் உட்காரவே கூடாது. எந்த ரிப்பேருக்கு வண்டி போனாலும் இவர் பட்டறையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்பேனரையும் கண்ணால் பின்தொடர்வார். இந்த முறை முடியாது. பின் டயரையும் பிரேக்கையும் மட்டும் பார்த்து வைக்கும்படி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே தம்பியிடம் சொன்னார்.

"பொட்டு பத்திரம், மச்சான்" என்றார். மயக்க ஊசி போட அழைத்துப் போகும்போது அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை பட்டறைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தம்பி எனக்காகக் காத்திருந்தான். பின் டயர் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் பை. வண்டி உடைக்கிற இடத்தில் சொல்லி வைத்து, மூன்று மாதமாகத் தேடி எடுத்த பட்டைகள் அதில் இருந்தன. என்னிடம்கூட அவன் அதைச் சொல்லவில்லை.

"இப்போ விட்டா இனிமே சந்தர்ப்பம் கிடைக்காது, அக்கா. ஆனா நானா திறக்க மாட்டேன். நீ சொல்லு."

"திற" என்றேன்.

முதல் போல்ட்டைத் திருகியபோது மஞ்சள் பொட்டு சின்னதாக ஒரு சத்தத்தோடு பிளந்தது. எத்தனை வருடம் பாதுகாத்தது, அதைப் பார்க்க எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. மூடியைத் தூக்கியதும் உள்ளே எல்லாம் பழுப்பேறி, பளபளப்பாக, என் கண்ணுக்கு நன்றாகவே இருந்தது. தம்பி டார்ச்சை அடித்து உள்ளே இடுக்கியை விட்டான். பட்டை இரண்டு துண்டாக வந்தது. இரண்டையும் துணி மேல் சேர்த்து வைத்தான். நடுவில் விரல் நீளத்துக்கு இடம் காலியாக இருந்தது. அந்தத் துண்டைத் தேடி அடியில் இருந்த ஆயில் தட்டையும் கழற்றினான். அங்கே கிடந்தது, செயின் கடித்துத் துப்பிய பல் அடையாளத்தோடு.

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"போன மாசம் நீங்க ரெண்டு பேரும் மலைக்குப் போயிட்டு வந்தீங்கல்ல?"

"ஆமா."

"இதோடதான் போயிருக்கீங்க. இது மேல சிக்காம கீழ விழுந்துடுச்சு. அவ்வளவுதான்."

கவிழ்த்து வைத்திருந்த பெட்டியில் உட்கார்ந்தேன்.

வேலை முடிய இரண்டு நாள் ஆனது. மூடியைத் திரும்ப மாட்டிய பிறகுதான் எங்களுக்குள் தகராறு. மாமாவிடம் உடைந்த துண்டுகளைக் காட்டி உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றான் தம்பி. நான் முடியாது என்றேன். அவர் இருபது வருடமாக எதற்காக ஓடுகிறாரோ அதைப் பிடுங்கிக்கொண்டு உயிரை மட்டும் கையில் கொடுத்தால், அந்த உயிரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அந்த மனிதருக்கு இரண்டையும் கொடுக்க எனக்கு ஆசை. உயிரும் இருக்கட்டும், தகடும் கிடைக்கட்டும்.

"கள்ளப் பொட்டு வைக்கச் சொல்றியா?"

"நீ வைக்க வேண்டாம். உன் கை ஆடும். நான் வைக்கறேன்."

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கண்ணுக்குத் தெரியாத திருகாணியை மூக்குக்கண்ணாடியில் மாட்டி மாட்டிப் பழகிய கை. மஞ்சளில் துளிப் பழுப்புக் கலந்து, பழைய பொட்டின் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறம் பார்த்தேன். பழைய பெயிண்டைச் சுரண்டிய இடத்திலேயே, அதே கோணத்தில், ஒவ்வொன்றாக வைத்தேன். கண்ணாடி ஃபிரேமை வளைக்க எங்கள் கடையில் சூடான காற்று ஊதும் கருவி ஒன்று உண்டு. அதைக் கொண்டுவந்து பொட்டுகளைக் காயவைத்து, ஆயில் நனைத்த விரலால் தடவி, தூசியைத் தூவினேன். முத்திரையிடம் இருப்பதைவிட நல்ல லென்ஸ் எங்கள் கடையில் இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தேன். வைத்த எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. வெட்கமாக இருந்ததா என்றால் இல்லை. நிம்மதியாக இருந்தது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.

அவர் வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடந்த நாட்களில் முத்திரை உடம்பு விசாரிக்க வந்தார். வந்தவர் சும்மா போவாரா? இந்த வருடப் பார்வையையும் முடித்துவிடலாம் என்று வாசலில் நின்ற வண்டியருகே போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்தார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பொட்டாகப் பார்த்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார்.

"மீட்டர், உங்க பொட்டு மாதிரி சுத்தமா யாரோடதும் இல்லை. தகட்டுக்குச் சொல்லிடலாம்" என்று உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் தலையணையில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லாம் முடிந்தது, இனி ஒரு கவலையும் இல்லை என்று நினைத்தேன்.

டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொன்ன அன்றைக்கு மறுநாள் காலை தம்பியும் வந்திருந்தான். இவர் குளித்து, ஜாக்கெட் போட்டு, கல்யாண மாப்பிள்ளை போல வெளியே வந்தார். உறையை நீக்கினார். டேங்கைத் தட்டிக்கொடுத்தார். முந்தின நாளெல்லாம் வண்டி நின்றபடியே இருந்தது, இன்ஜின் நன்றாக ஆறிப்போயிருந்தது. நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம். பயம் ஒன்றும் இல்லை. இருந்த சத்தமே கேட்காதவருக்கு இல்லாத சத்தம் எப்படித் தெரியும்? அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் செய்தோம்.

ஸ்டார்ட் செய்தார். முதல் சுற்றிலிருந்தே வழவழவென்று ஓடியது.

அவர் உடனே ஆஃப் செய்தார். மறுபடி ஸ்டார்ட் செய்தார். ஹெல்மெட்டைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு, குனிந்து காதை இன்ஜின் பக்கம் கொண்டுபோனார்.

"சத்தம் எங்க?" என்றார்.

தம்பிக்கு நாக்குக் குழறியது. "என்ன சத்தம், மாமா?"

"காலையில ஸ்டார்ட் பண்ணா கடகடன்னு வருமே, அது எங்க போச்சு?" கேட்டுக்கொண்டே அவர் தரையில் மண்டியிட்டுப் பொட்டுகளைத் தேய்த்துப் பார்த்தார். "திறந்துட்டீங்களா? டேய், திறந்துட்டியா?"

எனக்கு அவர் சொன்னது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்த பிறகும் நம்ப முடியவில்லை.

"உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டுதா?" என்றேன்.

அவர் பொட்டிலேயே கண்ணாக இருந்தார்.

"கேக்கறேன்ல? கேட்டுதா?"

"கேக்காம என்ன? ஆரம்பத்துலேர்ந்தே கேட்டுது. கிடங்குப் பக்கத்துல இருக்கிற மெக்கானிக்கிட்டகூடக் காட்டினேன். அவனும் இவன் சொன்னதையேதான் சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"ஒடையலாம்னு சொன்னான்." எரிச்சலோடுதான் சொன்னார், ஏதோ தேவையில்லாத கேள்வியைக் கேட்டு நான் நேரத்தை வீணாக்குவது போல. "ஒடையலாம்னுதான் சொன்னான். ஒடையும்னு சொல்லலை."

தம்பி தன் பையிலிருந்து துணிப் பொட்டலத்தை எடுத்தான். இவர் கேட்டால் காட்டலாம் என்று கொண்டுவந்திருக்கிறான். மூன்று துண்டுகளையும் இவர் உள்ளங்கையில் வைத்தான். இவர் அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். செயின் கடித்த அடையாளத்தைக் கட்டைவிரலால் தடவினார். அவர் முகம் மாறும் என்று நான் காத்திருந்தேன்.

"இது கீழ விழுந்தாச்சு. மிச்சம் தாங்கியிருக்கும்" என்றார். "ரெண்டாயிரம் தாங்காதா?"

"என்னைப் பின்னால உட்கார வச்சுக்கிட்டுத்தானே போனீங்க?" என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "அந்தப் பாலத்துமேல போனோம். மலை இறங்கினோம். தெரிஞ்சேதானா?"

அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கேட்டது அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"உன்னை விட்டுட்டு நான் எங்க போயிருக்கேன்?" என்றார். அதை அவர் அன்பாகத்தான் சொன்னார்.

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் படியில் உட்கார்ந்தேன். இரண்டு வருடமாக நான் பாவப்பட்டது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. காது கேட்காத மனிதர் என்று சாலையெல்லாம் அவருக்காகக் கேட்டுக்கொண்டே போனேனே. தொண்டை கிழியக் கூப்பிட்டேனே. அவருக்கு ஆத்திரம் வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவர் என்னைக் கொல்ல நினைக்கவில்லை. என்னை நினைக்கவே இல்லை.

அவர் போனை எடுத்து முத்திரையை அழைத்தார். யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. முத்திரையே பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார், இந்தத் தெருவில் எங்கள் மூன்று பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இருந்தும் சொன்னார்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. என் வண்டி இன்ஜினைத் திறந்துட்டாங்க... ஆமா சார், நான் ஆஸ்பத்திரியில இருந்தப்போ. எனக்குத் தெரியாம நடந்தது. நீங்க பார்த்தது நிஜப் பொட்டு இல்லை. என் பேரை எடுத்துடுங்க." குரல் உடைந்தது. அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பேக்கரிக்காரர் அடக்கத்தில்கூட அவர் அழவில்லை.

போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் படியில் வந்து உட்கார்ந்தார். ஜாக்கெட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் செய்தது தவறுதான், ஆனால் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பேன் என்றும், என்னை மன்னித்துவிட்டதாகவும் சொன்னார். சொல்லாமல் மறைத்திருந்தால் என்ன என்று தம்பி வாயெடுத்தபோது அவனை நிறுத்தினார்.

"முடியாது மச்சான். இப்படி ஒரு பொய்யை மனசுல வச்சுக்கிட்டு மனுஷனுக்கு எப்படித் தூக்கம் வரும்?" என்று கேட்டுவிட்டு, ஆமோதிக்கச் சொல்வது போல என்னைப் பார்த்தார். அந்த இரண்டு வருடமும் படுத்த உடனே தூங்கிப்போனவர் அவர். பக்கத்தில் விழித்துக்கொண்டு கிடந்தது நான்தான்.